தட்டில் ஆள்

ரெஜைனாவில் இன்றிரவு மேசையில் கொட்டினேன்
ஒக்டோபர் மாதத்துப் பற்றுச்சீட்டுகளை.
டீசல், டீசல், விடுதி, டீசல்,
மெல்ஃபோர்ட் கடையில் ஒரு சோடி கம்பளிக் கையுறை
(அது என் கணக்கு, கம்பனிக்கு இல்லை).
ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

எங்கள் வேலை தராசுகளைச் சந்தேகிப்பது.
ட்ரக்கின் முதுகில் இருபது எடைக்கல்,
ஒவ்வொன்றும் அரை டன் இரும்பு.
ஊரூராகப் போய், கோதுமைக் களஞ்சிய வாசலில்
லொறிகள் ஏறி நிற்கும் நீளத் தட்டில்
ஒவ்வொன்றாக இறக்கிவைத்து
சொல், எவ்வளவு, என்று கேட்பது.
பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

முதல் வாரம் மிர்னாவும் நானும் கதைக்கவேயில்லை.
அவள் ஓட்டினாள். வானொலி கடுகு விலை சொன்னது.
சாலை எங்கும் வளையவில்லை.
யோர்க்டனில் அவளுக்குத் தடிமன் பிடித்தது;
விடுதி அறையில், சோறு வடிக்கும் சட்டியிலேயே
ரசம் வைத்தேன். புகையுணர்த்தி அலறியது.
ஒரு வாய் குடித்துவிட்டு
இது சூப் இல்லை, தண்டனை என்றாள்.
பிறகு மூன்று கோப்பை.

ஹம்போல்ட்டில் ஒரு தராசை
இரண்டு முறை சோதிக்கச் சொன்னாள்.
நிலத்தை விற்குமுன் அவளுடைய தம்பி
கடைசி விளைச்சலை நிறுத்த தராசு அது.
இரண்டு முறையும் சரியாகத்தான் இருந்தது.
அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.
அன்று நூறு கிலோமீட்டர்
ஒரு கையுறையை மற்றக் கையால் கசக்கிக்கொண்டே ஓட்டினாள்;
எங்கோ இறங்கியபோது அது தொலைந்திருந்தது.

ரோஸ்டவுனில்தான் தராசு பொய் சொன்னது.
எழுபது கிலோ கூட.
துடைத்தேன். கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
தட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்
உமியும் ஒரு செத்த எலியும் கண்டேன்.
வரிசையில் ஒன்பது லொறிகள்,
ஒருவன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
அரை மணி கழித்து நிமிர்ந்தால்
தட்டின் மறுகோடியில் மிர்னா,
பைக்குள் கைவிட்டபடி அண்ணாந்து நிற்கிறாள்.
வெள்ளை வாத்துகள். ஆயிரமோ, பத்தாயிரமோ,
யாரோ வானத்தில் உப்பைக் கொட்டிவிட்டதுபோல.
இறங்கு என்றேன்.
எழுபதா, என்றாள். பூட்ஸோடு தானே?

சஸ்கட்டூனுக்கு நான் வழி சொல்லவில்லை.
குகதாசனைப் பற்றி எப்போதோ உளறியிருக்கிறேன்:
ஒரு சீட்டுக்காசுத் தகராறு,
நாலு வருடம் பேச்சில்லை.
அவன் தெருவில் ட்ரக்கை நிறுத்திவிட்டு
நீ போகாவிட்டால் நான் போய்த் தட்டுவேன்,
எனக்குத் தமிழும் தெரியாது, பார்த்துக்கொள் என்றாள்.
கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தான்.
"சேறு" என்றான். "சப்பாத்தைக் கழட்டு."
நாலு வருடத்துக்குப் பிறகு முதற்பேச்சு.
காசைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.
புட்டு இருந்தது. மாசிச் சம்பல் இருந்தது.
உறைப்புத் தாங்காமல் மிர்னா
பனி தூறும் வாசலில் போய் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்,
கண்ணாடி வழியே அவளைப் பார்த்து
நாங்கள் ஒரே நேரத்தில் சிரித்தோம்.
அந்தக் காசு இன்னும் கிடக்கிறது. கிடக்கட்டும்.

நேற்று அவளை அல்பர்ட்டாக் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.
கையுறைக்கு நன்றி, ஆனால் அளவு சிறிது என்று
செய்தி அனுப்பியிருந்தாள்.

ரோஸ்டவுன் அறிக்கை கடைசியாகக் கிடந்தது.
பிழை: எழுபது கிலோ.
காரணம்: தட்டில் ஆள்.
நடவடிக்கை: அகற்றப்பட்டது.
எழுதியது நான்தான். கையெழுத்தும் என்னுடையது.

நாளை சுவிஃப்ட் கரண்ட்.
விடியுமுன் ட்ரக்குக்கு ஒயில் மாற்ற வேண்டும்.
முதற் கல்லை இறக்குமுன்
நானே தட்டில் நிற்கிறேனா என்று
இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.